தாத்தா குடிக்காத கிணற்றுத் தண்ணீர்

வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியில் உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' கதையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த மாதம் மதக் கலவரம், ஊரை விட்டுக் கிளம்பியவர்கள், அவர்களைப் பற்றிய கதைகள் ஆகியவை குறித்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் வேலூர்ப் பக்கம் ஒரு மனநல மருத்துவமனையில் 34 ஆண்டுகள் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். இலக்கியத்தில் பட்டம் வாங்கவில்லை. நைட் டியூட்டியில் உட்கார்ந்து படித்ததுதான் என் படிப்பு.

*

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். 1947 இந்தியா-பாகிஸ்தான் பிரிவினைக் கதைகளில் 'ட்ராமா' என்று ஆய்வேடு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. என் நானியிடம் (அம்மாவின் அம்மா) விளக்கிப் பார்த்தேன். "பைத்தியமா?" என்று கேட்டார். மண்ட்டோ கதையில் வரும் பிஷன் சிங் பைத்தியமா சிஸ்டர்?
— கல்லூரி மாணவி, வாணியம்பாடி

கண்ணு, உன் நானி கேட்ட இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ட்ராமா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் புண் என்று அர்த்தம். தமிழில் உளக்காயம், மனவடு என்றெல்லாம் எழுதுகிறார்கள். மனவடு என்ற சொல் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. வடு என்றால் ஆறிப்போன புண்ணின் தடம்தானே, நான் வார்டில் பார்த்ததெல்லாம் ஆறாத புண் ஆயிற்றே என்று தோன்றும். அப்புறம் ஒரு நாள் குறள் நினைவுக்கு வந்தது. 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு.' ஆறுவதற்குப் புண் என்றும், ஆறாததற்கு வடு என்றும் வள்ளுவர் வைத்திருக்கிறார். சரி, மனவடு என்றே இருக்கட்டும் என்று சமாதானமானேன். ஆய்வேட்டில் நீயும் அதையே எழுதலாம்.

ஆனால் நானியிடம் அதைச் சொல்லாதே. அவருக்குத் தெரிந்த சொல் வேறே இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற அம்மாக்கள் எங்களிடம் "பயந்துட்டான் சிஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். 'பயந்த கோளாறுக்கு மந்திரிக்கப்படும்' என்ற பலகையை நம் பக்கத்தில் பார்க்காதவர் உண்டா? சாயங்காலத் தொழுகை முடிகிற நேரத்துக்கு மசூதி வாசலில் பிள்ளையை முந்தானையால் போர்த்திக்கொண்டு பெண்கள் நிற்பார்களே, அவர்களில் எத்தனையோ பேர் நெற்றியில் குங்குமம் இருக்கும். வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராக ஓதி, பிள்ளை முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். அந்த ஊதலில் நோய் தீருமா என்று என்னைக் கேட்டால் மருத்துவரிடமும் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தச் சொல்லை நான் விடமாட்டேன். பைத்தியம் என்றால் ஆளின் மேல் குறை. பயந்துட்டான் என்றால், இவனுக்கு என்னமோ நடந்திருக்கிறது, இவன் எதையோ பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. (பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) என்ற பெயர் ஏறியதே 1980-ல்தான். நம் அம்மாக்களுக்கு அந்த வித்தியாசம் அதற்கு எவ்வளவோ காலம் முன்பே தெரியும்.

இப்போது பிஷன் சிங். கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரிவினை முடிந்து இரண்டு மூன்று வருடம் கழித்து இரண்டு அரசாங்கங்களும், இங்கே இருக்கிற முஸ்லிம் மனநோயாளிகளை அங்கேயும், அங்கே இருக்கிற இந்து, சீக்கிய மனநோயாளிகளை இங்கேயும் மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்கின்றன. இது கற்பனை என்று நினைக்காதே. 1950-ல் லாகூருக்கும் அமிர்தசரஸுக்கும் நடுவில் நிஜமாகவே இது நடந்தது. லாகூர் மருத்துவமனையில் பிஷன் சிங் என்ற சீக்கியர் பதினைந்து வருடமாகப் படுக்காமல் நின்றுகொண்டே இருக்கிறார். கால் வீங்கிப் போயிருக்கிறது. அவருடைய ஊர் டோபா டேக் சிங். அது இந்தியாவிலா, பாகிஸ்தானிலா என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்கிறார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் எல்லைக்குக் கூட்டிப் போகிறார்கள். அவர் எந்தப் பக்கமும் போக மறுத்து, இரண்டு முள்வேலிக்கும் நடுவில், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத மண்ணில் நிற்கிறார். விடிவதற்கு முன்பு ஓர் அலறல். குப்புற விழுந்து கிடக்கிறார். மண்ட்டோவே குடிப்பழக்கத்துக்காக லாகூர் மனநல மருத்துவமனையில் சிகிச்சைக்கு இருந்தவர். வார்டு எப்படி இருக்கும் என்று தெரிந்த மனிதர் எழுதின கதை என்பது எனக்கு முதல் பக்கத்திலேயே புரிந்தது.

நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 1986. காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்திலிருந்து ஒரு வயதான அம்மாவைக் கூட்டி வந்தார்கள். தமிழ் தெரியாது, இந்தியும் தெரியாது. பெயர் கேட்டபோதெல்லாம் ஒரே சொல்லைத்தான் சொன்னார். அது எங்கள் காதில் 'பரிசாள்' என்று விழுந்தது. முனியம்மாள், பரிசாள் என்று நம் பக்கத்துப் பெயர் மாதிரியே இருந்ததால், நான்தான் ரெஜிஸ்டரில் என் கையாலேயே 'பெயர்: பரிசாள்' என்று எழுதினேன். ஏழு மாதம் "பரிசாளம்மா, மாத்திரை போடுங்க", "பரிசாளம்மா, குளிக்க வாங்க" என்று கூப்பிட்டோம். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். சில நாள் அழுவார். பெயரைச் சொன்னால் இவர் எதற்கு அழுகிறார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வேலூருக்கு வருகிறவர்கள் அப்போதே ஏராளம். எட்டாவது மாதம் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு வங்காளிப் பெண் வந்தாள், துணைக்கு அவள் மாமியாரும் வந்திருந்தார். அந்த மாமியார் நாங்கள் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு ஓடி வந்து, "பரிசால் ஆளோட பேர் இல்ல, ஊர்" என்று பாதி இந்தியிலும் பாதி சைகையிலும் சொன்னார். பரிசால். நதிக்கரை ஊர். இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. நாங்கள் பெயர் கேட்டபோது அவர் ஊரைச் சொல்லியிருக்கிறார். அந்த ஊர்ப் பெயரால் தினமும் நாலு தடவை அவரை நாங்கள் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். எந்த வருடம், எதற்காக அங்கிருந்து கிளம்பினார், நடுவில் எங்கெங்கே இருந்தார், எதுவும் கடைசிவரை தெரியவில்லை. 1950 பிப்ரவரியில் பரிசாலில் பெரிய கலவரம் நடந்தது என்பதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மண்ட்டோ கதையிலும் அப்படித்தான். மற்றவர்கள் பிஷன் சிங்கையே டோபா டேக் சிங் என்று கூப்பிடுகிறார்கள். கடைசி வரியில் வேலிக்கு நடுவில் கிடப்பதும் டோபா டேக் சிங்தான். ஆளா, ஊரா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி மண்ட்டோ எழுதியிருக்கிறார். பரிசாளம்மாவைப் பார்த்திருக்காவிட்டால் இதை ஓர் எழுத்தாளரின் சாமர்த்தியம் என்று நினைத்திருப்பேன்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: பிஷன் சிங்குக்கு நோய் இருக்கிறது. அது பிரிவினைக்கு வெகுகாலம் முன்பே வந்தது, அவர் பதினைந்து வருடமாக உள்ளே இருக்கிறார். ஆய்வேடு எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை, பிரிவினைதான் அவர் புத்தியைக் கெடுத்தது என்று எழுதிவிடுகிறார்கள். பிரிவினை அவரிடம் இருந்த ஒரே நிலையான பொருளைப் பிடுங்கியது. அது அவருடைய ஊர் இருக்கும் இடம். நீ இதிலிருந்து ஆரம்பி. உன் நானிக்கு உருது படிக்கத் தெரியும் என்றால் கதையை அவரையே சத்தமாகப் படிக்கச் சொல். பிஷன் சிங் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்த அர்த்தமில்லாத வாக்கியம் வரும்போது நானி சிரிக்கிறாரா, நிறுத்துகிறாரா என்று பார். உன் ஆய்வேட்டில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு பக்கம் அங்கே கிடைக்கும்.

*

கேள்வி: பிரிவினைக் கலவரமெல்லாம் பஞ்சாபிலும் வங்காளத்திலும் நடந்தது. நம் வட ஆர்க்காட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தமிழனுக்கு இதை எழுத என்ன அனுபவம் இருக்கிறது?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், குடியாத்தம்

ஐயா, சம்பந்தம் எங்கள் வீட்டு முற்றத்திலேயே இருந்தது. எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

என் அம்மாவழித் தாத்தாவுக்குப் பள்ளிகொண்டா. ராணுவத்தில் சமையல்காரர். நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பட்டாளத்துக்குப் போகாத வீடு எது, உங்களுக்குத் தெரியாததா? 1947-ல் அவர் ராவல்பிண்டியில் இருந்தார். அடுத்த வருடம் ஊர் திரும்பினார். திரும்பின நாளிலிருந்து 1984-ல் சாகும்வரை கிணற்றுத் தண்ணீர் குடிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே கிணறு, ஊரில் பேர் வாங்கின தண்ணீர். ஆனால் தாத்தாவுக்குப் பாலாற்று ஊற்றுத் தண்ணீர்தான் வேண்டும். பாட்டி விடிவதற்கு முன்பே பித்தளைக் குடத்தோடு ஆற்றுக்குப் போய், மணலைக் கையால் பறித்து, ஊறி வருகிற தண்ணீரை சிரட்டையால் மொண்டு மொண்டு நிரப்பிக்கொண்டு வருவாள். கோடையில் முழங்கை ஆழம் பறிக்க வேண்டும். (இன்றைக்கு அந்த இடத்தில் பறிக்க மணலே இல்லை. அதை நினைத்தால் வயிறு எரிகிறது.) "ஊருக்கே கிணறு இனிக்குது, உங்க தாத்தாவுக்கு மட்டும் ஆகலை" என்று பாட்டி முணுமுணுப்பாள். பட்டாளத்து ருசி என்று நாங்கள் நினைத்தோம். கிணற்றடிப் பக்கமே அவர் வரமாட்டார் என்பதைக்கூட நாங்கள் சேர்த்து யோசிக்கவில்லை. ஒரே ஒரு தடவை, நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது, "ஏன் தாத்தா?" என்றேன். "அங்க ஒரு கெணத்தைப் பார்த்தேன்" என்றார். அதோடு எழுந்து போய்விட்டார்.

1988-ல் தூர்தர்ஷனில் 'தமஸ்' என்ற இந்தித் தொடரைப் போட்டார்கள். பீஷ்ம சாஹனி ராவல்பிண்டியில் பிறந்தவர், அந்த ஊர்ப் பக்கத்துக் கலவரத்தை வைத்து அவர் எழுதிய நாவல்தான் அந்தத் தொடர். செவிலியர் குவார்ட்டர்ஸில் இருந்த ஒரே டிவியில் நாங்கள் எட்டு பேர் உட்கார்ந்து பார்த்தோம். எனக்கு இந்தி அரைகுறை. சீக்கியப் பெண்கள் பிள்ளைகளோடு வரிசையாக வந்து கிணற்றில் குதிக்கிற காட்சிக்குப் பாஷை தேவைப்படவில்லை. 1947 மார்ச்சில் ராவல்பிண்டி மாவட்டத்தில் தோவா கால்சா என்ற கிராமத்தில் நடந்தது அது. மானம் போகக்கூடாது என்று அந்தப் பெண்கள் குதித்தார்கள். கிணறு நிரம்பிவிட்டதால் கடைசியாகக் குதித்தவர்கள் முங்கவில்லை, பிழைத்துவிட்டார்கள். அப்படிப் பிழைத்த ஒரு பெண்மணி பல வருடம் கழித்து வாய் திறந்து சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. தாத்தா எந்தக் கிணற்றைப் பார்த்தார், அதில் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கிணறுதான் என்று சொல்வது பொய்யாகிவிடும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் போய் நாலு வருடம் ஆகியிருந்தது.

தமிழில் எழுத என்ன இருக்கிறது என்கிறீர்கள். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' படித்திருக்கிறீர்களா? செகந்திராபாத்தில் ரயில்வே குடியிருப்பில் வளரும் சந்திரசேகரன், கிரிக்கெட், கல்லூரி, வீட்டு மாடு என்று சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கிற பையன். சுற்றிலும் நிஜாம் ஆட்சி, அந்த ஆட்சிக்கு ஆதரவான ஆயுதப் படையான ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைவது. கடைசிப் பக்கங்களில் கலவரத்துக்குப் பயந்து ஒரு வீட்டுக்குள் குதித்துவிடுகிறான். அது ஒரு முஸ்லிம் குடும்பம் பதுங்கியிருக்கும் வீடு. இவனைத் தாக்க வந்தவன் என்று நினைத்து, வீட்டாரைக் காப்பாற்ற ஒரு சின்னப் பெண் தன் உடையைக் கழற்றி அவன் எதிரில் நிற்கிறாள். அவன் வாந்தி எடுத்துக்கொண்டு ஓடுகிறான். ஐயா, அந்த இடத்தில் அவன் யாரையும் தொடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணின் கண்ணுக்கு அவன் யார்? அவன் தன்னை என்னவாக நினைத்துக்கொண்டிருந்தாலும், அந்த வீட்டுக்குள் அவன் ஒரு இந்து ஆண், அவ்வளவுதான். அடையாளம் என்பது மற்றவன் பயத்தில் நமக்குக் கிடைக்கிற பெயராகவும் இருக்கும் என்பதை இதைவிட அப்பட்டமாக நான் எந்த மொழியிலும் படித்ததில்லை. எழுதியவர் தமிழர், நடந்ததும் தமிழ்க் குடும்பத்துப் பையனுக்கு.

*

கேள்வி: கலவரக் கதைகளைப் படிப்பதால் ஆறிப்போன பகையைக் கிளறுவது போல ஆகாதா?
— வாசகர், ஆரணி

இதே கேள்வி கோர்ட்டுக்கே போயிருக்கிறது. 'தமஸ்' ஒளிபரப்பானபோது நிறுத்தச் சொல்லி வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் தொடரைத் தாங்களே பார்த்துவிட்டு, ஒளிபரப்பலாம் என்றார்கள். 1988-லேயே உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சாஹனி அந்த நாவலை எழுத உட்கார்ந்ததே 1970-ல் பிவண்டியில் கலவரம் நடந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான். ராவல்பிண்டி நடந்து 23 வருடம் கழித்து அதே காட்சி அவர் கண்ணெதிரில் இருந்தது. அப்போது எது ஆறியிருந்தது?

அந்த நாவலின் ஆரம்பத்தையும் பாருங்கள். நாத்து என்ற தோல் தொழிலாளியிடம் காசு கொடுத்து ஒரு பன்றியைக் கொல்லச் சொல்கிறார்கள். எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. காலையில் அது மசூதிப் படியில் கிடக்கிறது. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் கிடங்கில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிற நமக்கு நாத்து அந்நியன் இல்லை. கலவரம் எப்படி மூட்டப்படுகிறது, யார் கையால் செய்யப்படுகிறது என்று அந்த நாவல் காட்டுகிறது. பகையை மூட்டுகிறவர்களுக்குத்தான் அப்படிப்பட்ட கதைகள் இடைஞ்சல்.

*

கேள்வி: கலவரத்தில் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி நாவல் எழுதுகிறேன். ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவளுக்குப் பழைய சம்பவம் கண்முன் வந்து அலறுவதாக எழுதியிருக்கிறேன். கெட்டவர்கள் எல்லோரும் எதிர்ப்பக்கத்தவர்கள். நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். உங்கள் கருத்து?
— இளம் எழுத்தாளர், திருப்பத்தூர்

தம்பி, அலறலைக் குறையுங்கள். நான் பார்த்தவர்களில் அலறியவர்கள் கொஞ்சம் பேர். நெஞ்சு எரிகிறது, தலை பாரமாக இருக்கிறது, கை மரத்துப் போகிறது என்று வருகிறவர்கள்தான் அதிகம். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் போரில் பாதிக்கப்பட்ட தமிழர்களின் மனவடு உடம்பு நோவாக வெளிப்படுவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். உங்கள் நாயகி அரிசி களையட்டும். எதை மட்டும் செய்யமாட்டாள், எந்த வழியாக மட்டும் போகமாட்டாள் என்று கண்டுபிடியுங்கள். காரணத்தை உடனே சொல்லிவிடாதீர்கள்.

உருது எழுத்தாளர் ராஜிந்தர் சிங் பேடியின் 'லாஜ்வந்தி' கதையைத் தேடிப் பிடித்துப் படியுங்கள். லாஜ்வந்தி என்றால் நம் தொட்டாற்சிணுங்கி. பிரிவினையில் கடத்தப்பட்ட பெண்கள் ஏறத்தாழ 75,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். இரண்டு அரசாங்கங்களும் அவர்களை மீட்டுத் திருப்பி அனுப்பின. பல வீடுகள் சேர்த்துக்கொள்ளவில்லை. சுந்தர்லால் என்பவன், அந்தப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தெருத் தெருவாக ஊர்வலம் போகிறவன். அவன் மனைவி லாஜோவும் கடத்தப்பட்டவள். ஒரு நாள் அவள் திரும்பி வருகிறாள். முன்பெல்லாம் அடித்துக்கொண்டிருந்தவன் இப்போது அவளைத் தேவி என்கிறான், கோயில் சிலை மாதிரி வைத்துக்கொள்கிறான். அவள் நடந்ததைச் சொல்ல வாய் எடுக்கும்போது, பழசை மறந்துவிடலாம் என்று நிறுத்திவிடுகிறான். அவள் பழைய லாஜோவாக இருக்க ஆசைப்படுகிறாள். சண்டை போட்டு, சமாதானமாகி, மனுஷியாக. அது கிடைக்கவே இல்லை. அந்தக் கதையில் ஓர் அலறல்கூட இல்லை. கடத்தியவனைவிட, பூஜை செய்கிற புருஷன்தான் எனக்கு அதிகம் வலித்தான், ஏனென்றால் அவன் நல்லவன். ஊர்வலத்தில் தொண்டை கட்டக் கத்துகிறவனுக்கு வீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்கத் தைரியம் இல்லை. நோயாளியைப் பார்க்க வரும் உறவுக்காரர்களில் சுந்தர்லால்களை நான் நூறு பேர் பார்த்திருக்கிறேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, மறந்துடும்மா" என்று ஆரஞ்சுப் பழத்தைக் கையில் வைத்துவிட்டுப் போவார்கள்.

பஞ்சாபி எழுத்தாளர் அம்ருதா ப்ரீதமின் 'பிஞ்ஜர்' நாவலில், கடத்தப்பட்ட இந்துப் பெண் பூரோவுக்கு ஹமீதா என்று புதுப் பெயரைக் கையில் பச்சை குத்திவிடுகிறார்கள். எங்கள் பாட்டி கையிலும் பச்சை உண்டு, கோலமும் தேளும். அவள் ஆசைப்பட்டுக் குத்திக்கொண்டது. அதே ஊசி, அதே மை. ஒரு பெண்ணின் அடையாளம் மாற்றப்படுவதை எழுத அம்ருதாவுக்கு அந்த ஒரு பொருள் போதுமாக இருந்தது. உங்கள் நாவலுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கும். உங்கள் கடிதத்தில் கெட்டவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஊரை விட்டுப் போக விடுதலைப் புலிகள் கொடுத்தது இரண்டு மணி நேரம். வடக்கு முழுவதும் சேர்த்து 70,000 பேருக்கு மேல் கிளம்ப வேண்டியிருந்தது. போரில் அடிபட்ட தமிழர் சமூகத்திலிருந்து வந்த ஆயுதம்தான் அதைச் செய்தது. நம் பக்கத்தில் நடந்ததை எழுதும் அத்தியாயத்தைத் தவிர்க்காதீர்கள்.

*

கேள்வி: இந்த மாதிரிக் கதைகளைப் படித்தால் தூக்கம் போகிறது. படிப்பதை விடுவதா?
— வாசகி, காட்பாடி

இரண்டொரு நாள் தூக்கம் போனால் பரவாயில்லை, பகலில் படியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால், அல்லது கதை உங்கள் சொந்த அனுபவத்தைத் தொட்டிருந்தால், புத்தகத்தை மூடிவிட்டு யாரிடமாவது பேசுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலிமானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

*

கேள்வி: நான் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவள், வயது 27. அம்மா 1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர். ஈழத்து நாவல்களை நான் வீட்டில் சத்தமாகப் படிப்பேன். கொஞ்ச நேரத்தில் அம்மா எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்துவிடுவார். படிப்பதை நிறுத்திவிடட்டுமா? அதோடு, சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் எனக்கு வாய் வருவதில்லை.
— பெயர் வேண்டாம், மேல்மொணவூர்

மகளே, உன் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்திருந்தேன்.

சத்தமாகப் படிப்பதை இப்போதைக்கு நிறுத்து. கேட்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற உரிமை அம்மாவுக்கு இருக்க வேண்டும். சின்ன வீட்டில் சத்தமாகப் படித்தால் அந்த உரிமை போய்விடுகிறது. கடலில் வந்த அந்த ராத்திரியில் அவருக்கு எந்த உரிமையும் இருந்திருக்காது. ஆனால் நீ படிப்பதை விடாதே. சயந்தனின் 'ஆறாவடு', ஷோபாசக்தியின் 'ம்' போன்ற நாவல்கள் உன் தலைமுறைக்காகவும்தான் எழுதப்பட்டிருக்கின்றன. படித்துவிட்டு, புத்தகத்தை ஒளிக்காமல் அம்மா கண்ணில் படுகிற இடத்தில் வை. அவர் எடுப்பார், எடுக்காமலும் போவார்.

பாத்திரம் கழுவுவதைத் தடுக்காதே. கைக்கு வேலை இருந்தால்தான் சிலருக்கு மனசு நிற்கும். நீயும் போய்ப் பக்கத்தில் நின்று துடைத்து வை. என் பாட்டி தாத்தாவிடம் ஒரு நாளும் எதையும் கேட்டதில்லை. முப்பத்தாறு வருடம் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டு வந்தாள். கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் செய்ததுதான் பெரிது என்றும் சில நாள் தோன்றுகிறது. இரண்டில் எது என்று இந்த வயதிலும் எனக்கு முடிவாகவில்லை.

சொந்த ஊர் விஷயம். 2021-ல் உங்கள் இடத்துக்கு அகதி முகாம் என்ற பெயரை எடுத்துவிட்டு மறுவாழ்வு முகாம் என்று வைத்தார்கள். பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் விண்ணப்பத்தில் சொந்த ஊர் என்ற இடத்தில் இப்போதும் ஒரே ஒரு கோடுதானே இருக்கிறது? நீ தயங்குவதில் தப்பில்லை, அந்தக் கோடு உனக்குச் சின்னது. கேட்கிறவர்களிடம் மேல்மொணவூர் என்று சொல், மன்னார் என்றும் சொல். வேலூரில் உனக்கு முன்னாலும் அங்கிருந்து வந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். கண்டியின் கடைசி மன்னரை ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து இந்தக் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். 1832-ல் இங்கேயே இறந்தார். கண்ணுசாமி என்று பிறந்து, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று ஆண்டு, வேலூரில் கைதியாகச் செத்தவர். பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் கல்லறை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போய் வா. பேசித்தான் ஆக வேண்டும் என்றில்லை, காற்று நன்றாக இருக்கும்.

பரிசாளம்மாவிடம் நாங்கள் பெயர் கேட்டோம், வயசு கேட்டோம், சொந்தக்காரர் யார் என்று கேட்டோம். அந்த வங்காளி மாமியார் அதில் எதையும் கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, உங்கள் ஊரில் என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டார். ஏழு மாதத்தில் அன்றைக்குத்தான் அந்த அம்மா தொடர்ந்து பத்து நிமிடம் பேசினார். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கை இரண்டையும் விரித்து மீனின் நீளத்தைக் காட்டியது மட்டும் புரிந்தது.

நீயும் போர், படகு, செத்தவர்கள் எதையும் கேட்காதே. துடைத்துக்கொண்டே, "அங்க நம்ம வீட்டுல பாத்திரம் எங்க வச்சிக் கழுவுவீங்கம்மா?" என்று மட்டும் கேட்டுப் பார். அவர் சொல்வது ஒரு வரியாக இருந்தாலும் எனக்கு எழுதிப் போடு.